தீர்வை குறைய வேண்டுமா? முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, தென்காசி நகராட்சி எல்லைக்குள் எங்களுக்கு ஒரு மாடி வீடு உண்டு. அரையாண்டுக்கு 1,000 ரூபாயாக இருந்த வீட்டுத் தீர்வை 2022-இல் 1,750 ஆகிவிட்டது. வரைபடப்படி மொத்தம் 1,170 சதுர அடிதான். கணவருக்குக் கூலி வேலை. குற்றால சீசனில் மாடியை நாள் வாடகைக்கு விட்டுத்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கிறோம். தீர்வையைக் குறைக்க வழி உண்டா? கட்டாமல் போட்டு வைத்தால் தள்ளுபடி வரும் என்கிறார்களே?
- வாசகி, தென்காசி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, உங்கள் வழக்கே அதுதான். 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியைச் சீரமைத்தபோது, நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தியது. வணிகக் கட்டடங்களுக்கு 100. உங்களுக்கு ஏறியதோ 75. ஆகவே நகராட்சிப் பதிவேட்டில் உங்கள் வீடு குடியிருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் 1,200 சதுர அடிக்கு மேல் என்று இருக்க வேண்டும். வரைபடம் சரியென்றால் 1,500 ரூபாய்தான் வந்திருக்கும். ஆண்டுக்கு 500 ரூபாய் வித்தியாசம். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டுவோருக்குக் கிடைக்கும் 5 சதவீத ஊக்கத்தொகையை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். உங்கள் கணக்கில் அது ஆண்டுக்கு 150, 175 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதையும் விட வேண்டாம். ஆனால் பெரிய மிச்சம் அளவில்தான் இருக்கிறது.

அளக்க வரச் சொன்னால் மாடியில் சேர்த்துக் கட்டியதெல்லாம் வெளியே வந்துவிடாதா என்று நீங்கள் தயங்கலாம். நியாயமான பயம்தான். விடுபட்ட பகுதிக்குப் பின்தேதியிட்டு வரி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதனால் மனு எழுதுமுன் நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள். பிறகு கட்டிய அறையையும் சேர்த்து 1,200-ஐத் தாண்டினால், இந்தக் கோரிக்கையைக் கைவிடுவதே நல்லது. தாண்டாவிட்டால், பதிவேட்டில் உள்ள அளவின் நகலை முதலில் கேளுங்கள். தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

சீசன் வாடகைதான் சிக்கலான இடம். மூன்று மாதம்தானே என்பீர்கள். சட்டம் மாதங்களை எண்ணுவதில்லை, கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதையே பார்க்கிறது. அருவிக்கு வருவோருக்கு நாள் கணக்கில் அறை விடுவது வணிகம் என்று அதிகாரி சொன்னால் மறுத்து வாதாடுவது கடினம். தீர்வையைவிட மின்சாரத்தில்தான் அடி பலமாக விழும்: வீட்டு இணைப்பை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி உரிய கட்டணத்தின் இரு மடங்கு கேட்பார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்தே. ஒரு சீசன் வருமானத்தில் பெரும்பங்கை அந்த ஒரு நோட்டீஸ் தின்றுவிடும். ஆகவே மாடிக்குத் தனி வணிக இணைப்பு வாங்கி, அந்தப் பகுதியை மட்டும் வணிகம் என்று நகராட்சியில் பதிந்துகொள்ளுங்கள். அல்லது ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுங்கள். கூடுதல் செலவைச் சீசன் வருமானம் தாங்குமா என்று கணக்குப் போட்டு முடிவெடுங்கள். குறைந்த வருமானமுள்ள உங்களுக்கு இரண்டாவது வழியே பாதுகாப்பு என்பது என் கருத்து.

தள்ளுபடியை நம்பிக் காத்திருக்காதீர்கள். பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். வராத தள்ளுபடிக்காக ஊக்கத்தொகையையும் இழந்து வட்டியும் கட்டுவது வறுமைக்கு ஏற்ற சிக்கனமல்ல. மனு நிலுவையில் இருப்பதும் கட்டாமலிருக்கக் காரணமாகாது. ஆட்சேபணையைக் கடிதத்தில் பதிந்துவிட்டுத் தொகையைக் கட்டுங்கள். நகராட்சி ஆணையருக்கு எழுதும் மனுவோடு பத்திரம், வரைபடம், கடைசித் தீர்வை ரசீது ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வராதீர்கள்.