குடிலைக் கழற்றிய பிறகு

8.1.2026

எல்கடுவயில் இருக்கும் அன்பு மகளுக்கு,

கோயிலில் மானாப்புல் வேய்ந்த குடிலைக் கழற்றும்போது அழுகை வந்ததாக எழுதியிருந்தாய். இத்தனை பேர் செத்த வருஷத்தில் நத்தார் பாட்டுப் பாடினதே பிழையோ என்றும் கேட்டிருந்தாய். பிழையில்லை மகள்.

நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டுக்குள் வந்தது. 30ஆம் திகதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முதல் மெழுகுதிரியை ஏற்ற வேண்டிய அன்று, மலைநாட்டில் மண்ணைத் தோண்டி ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். இந்த நிலையில் "சந்தோஷமாய் இரு" என்று யாராவது உனக்குப் புத்தி சொன்னால், முகத்தில் சிரிப்பை வரவழைக்கப் பாடுபடாதே. கிறிஸ்தவ மகிழ்ச்சி அதுவல்ல. பாலன் பிறந்த கதையிலேயே ஏரோது குழந்தைகளைக் கொன்றதையும் மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். திருச்சபையும் அதை மறைக்காமல், நத்தார் முடிந்த மூன்றாம் நாளை அந்த மாசில்லாக் குழந்தைகளுக்கென்றே வைத்திருக்கிறது. அழுகிற தாய்மாரை வெளியே நிறுத்திவிட்டு நாம் பாடவில்லை.

எனக்கு இடையர்களைத்தான் அதிகம் பிடிக்கும். பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கடவுளைப் புகழ்ந்துகொண்டு திரும்பினார்கள் என்கிறார் லூக்கா. எங்கே திரும்பினார்கள்? அதே மந்தைக்கு, அதே இராக்காவலுக்கு. உரோமையரின் வரி குறையவில்லை, கூலியும் கூடவில்லை. ஆனால் அந்தச் செய்தி முதலில் வந்து சேர்ந்தது தங்களிடம்தான் என்பதை அவர்களிடமிருந்து எவராலும் பறிக்க முடியாது. விடியப் பிரட்டுக்குப் போய், அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்தெடுக்கும் உன் அம்மாவிடம் இருப்பதும் இந்த மகிழ்ச்சிதான். ஞாயிறு பூசையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வாங்கில் நின்று அவ பாடும்போது கவனித்துப் பார். கவலை இல்லாததால் பாடுகிறவ அல்ல அவ. தன் கவலையைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து பாடுகிறா.

நம்பிக்கையைப் பற்றியும் கேட்டாய். வரும் 16ஆம் திகதி புனித யோசேப் வாஸ் திருநாள். கோவாவில் பிறந்த அந்தச் சுவாமி, ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். அடைபட்ட இடத்தில் இருந்தபடியே சிங்களம் படித்தார். 1697இல் அம்மை பரவி, வீட்டாரே நோயாளிகளைக் கைவிட்டபோது, மருமகனான கர்வால்யோ சுவாமியோடு சேர்ந்து அவர்களைக் கழுவினார், சோறூட்டினார், செத்தவர்களைப் புதைத்தார். 1711இல் அங்கேயே இறந்தார். வத்தேகம வழியாக நீ வகுப்புக்குப் போய்வருகிற அதே கண்டிதான். எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்பதுதான் அவருடைய நம்பிக்கையாக இருந்திருந்தால், அடைபட்ட முதல் மாதத்திலேயே அது தீர்ந்துபோயிருக்கும். ஆண்டவர் தன்னை விட்டுப் போகவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, அன்றன்று கையில் கிடைத்த வேலையை அவர் செய்தார்.

உனக்கும் வேலை இருக்கிறது. ஞாயிறு ஆண்டவரின் திருமுழுக்கு. அதோடு நத்தார் காலம் முடிகிறது. மறுநாள் 12ஆம் திகதி, புயலால் நின்றுபோன உயர்தரப் பரீட்சை மீண்டும் தொடங்குகிறது. வீடிழந்தவர்களை நினைத்தால் கொப்பியைத் திறக்கவே கூச்சமாய் இருக்கிறது என்கிறாய். கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது? லயத்துச் சுவர் வெடித்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கும் உன் சிநேகிதியின் கொப்பிகள் எல்லாம் நனைந்துபோனதாக எழுதியிருந்தாயே, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உன்னோடு உட்காரவை. உன் குறிப்புகளைப் போட்டோகொப்பி எடுக்க இத்தோடு காசு வைத்திருக்கிறேன். படிக்கிற இடையில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள்.

பாதை இன்னும் சரியில்லை என்கிறார்கள். திங்கட்கிழமை காலை பஸ் எத்தனை மணிக்கு என்று ஞாயிறு பூசை முடிந்ததும் விசாரித்து வை. அனுமதி அட்டையைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோ, அவளுடையதையும்.

அன்புடன்,
பெரியம்மா