பன்னிரண்டு சொற்களுக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

கிரிப்டோ வாலட் ஒன்றில் புதிதாகச் சேருபவர் காணும் முதல் சில திரைகளை வடிவமைக்கும் வேலை உனக்கு வந்திருப்பதாக உன் அம்மா சொன்னார்கள். மிகவும் சந்தோஷம். அந்த வேலைக்கு வேண்டிய பாடம் கொச்சியின் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் கொஞ்சம் கிடைக்கும். நீ தினமும் பஸ் ஏறும் சுள்ளிக்கல்லில் அதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

அங்கே ஏதாவது ஒரு பலசரக்குக் கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பார். வாங்குகிறவர் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார், பின் நம்பரைத் தட்டுகிறார், கல்லாவின் பக்கத்துப் பெட்டி தொகையை மலையாளத்தில் சொல்கிறது, கடைக்காரர் தலை நிமிராமலே பொருளை எடுத்து நீட்டுகிறார். யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான இந்தியர்களின் மனதில் பணச் செயலி பற்றி நான்கு நம்பிக்கைகள் ஊறிப்போய்விட்டன. பின்னால் ஒரு வங்கி இருக்கிறது. என் மொபைல் நம்பர்தான் என் அடையாளம். பின் நம்பர் மறந்தால் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களையும் ஓடிபியையும் கொடுத்துப் புதிது வைத்துக்கொள்ளலாம். ஏதாவது தவறினால் புகார் சொல்ல ஓர் இடம் உண்டு.

உன் வாலட்டைத் திறப்பவர் இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார். பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவி பயனரின் கையிலேயே இருக்கும் வகை வாலட்டில் இந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. வரவேற்புத் திரையின் வண்ணம், படம், அசைவு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பழைய நம்பிக்கைகளைப் பணம் உள்ளே வருவதற்கு முன்பே, பயமுறுத்தாமல் மாற்றுவதுதான் உன் முதல் வேலை.

சாவியைக் கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிடமே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பாய். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பான் கார்டு, முகவரிச் சான்று, செல்ஃபி கொடுத்துக் கணக்குத் திறந்தால் கடவுச்சொல் மறந்தாலும் மீட்டுக் கொடுப்பார்கள். ஆனால் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனது. அந்த வாலட் பலர் சேர்ந்து ஒப்புதல் தந்தால்தான் திறக்கும் வகையைச் சேர்ந்தது. ஒப்புதல் தந்தவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று நிறுவனம் அப்போது விளக்கியது. கவனி, கைதேர்ந்தவர்களையே ஒரு திரை ஏமாற்றியிருக்கிறது. எந்தத் தவறும் செய்யாத சாதாரண வாடிக்கையாளர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி முடங்கிய ஒருவரின் வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் உடைமையாக வைத்திருக்கக்கூடிய ஒரு சொத்து என்று தீர்ப்பளித்தார்.

ஆகவே முதல் திரையில் ஒரு கேள்விக்கு நேரடியான பதில் இருக்க வேண்டும்: சாவி யாரிடம்? "பாதுகாப்பானது", "எளிமையானது" என்ற சொற்கள் அதற்குப் பதிலாகாது. "இந்தப் பணத்தின் சாவி உங்கள் போனில் மட்டும் இருக்கும். எங்களிடம் இல்லை. தொலைந்தால் எங்களால் மீட்டுத்தர முடியாது." இந்த மூன்று வாக்கியமும் பெரிய எழுத்தில், மலையாளத்திலும் தமிழிலும் வரட்டும்.

வங்கிச் செயலிக்கும் கிரிப்டோ வாலட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பொருளைக் கொச்சியிலேயே பார்க்கலாம். ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று டிஜிட்டல் ரூபாயை மக்கள் பயன்பாட்டுக்குச் சோதனையாக விட்டபோது மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் என்று நான்கு நகரங்களில் தொடங்கியது. அடுத்த கட்டத்துக்கு அறிவித்த ஒன்பது நகரங்களில் கொச்சியும் ஒன்று. அது கிரிப்டோ இல்லை, அரசின் பணம். இருந்தாலும் அது வங்கிக் கணக்கில் எழுதப்படும் இருப்பாக இல்லாமல், ரூபாய் நோட்டின் மதிப்புகளிலேயே டோக்கனாக வாலட்டுக்குள் வருகிறது. பிறகு யுபிஐ கியூஆரை ஸ்கேன் செய்தே டிஜிட்டல் ரூபாயைக் கொடுக்க வழி செய்தார்கள். புதிய பொருளை ஏற்கெனவே உள்ள கைப்பழக்கத்தோடு இணைத்த அந்த முடிவு நல்ல முடிவு. நீயும் அப்படி எதையாவது இணைக்கலாம். அதே கியூஆர், அதே தட்டல் என்று காட்டும்போது அதே வங்கிப் பாதுகாப்பும் இருப்பதாக ஒருவர் நம்பிவிடாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

இனி, சாவியை மீட்கும் அந்தப் பன்னிரண்டு சொற்கள்.

2013-ல் எழுதப்பட்ட பிப்-39 என்ற தரமுறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்களை வாலட் தருகிறது. போன் உடைந்தாலும் அந்தச் சொற்களை அதே வரிசையில் வேறொரு போனில் இட்டால் பணம் திரும்பிவிடும். வேறு யார் கையில் கிடைத்தாலும் பணம் அவருக்குப் போய்விடும். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜப்பானிய, கொரிய, ஸ்பானிய, பிரெஞ்சுப் பட்டியல்களும் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட அந்தத் தரமுறையில் இல்லை.

மட்டாஞ்சேரிப் பக்கம் இதன் விளைவு என்ன என்று யோசி. தோபி கானா சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் தமிழர் ஒருவர் இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதுகிறார். ஆங்கிலம் வாசிப்பார், எழுதுவது அவ்வளவு பழக்கமில்லை. கேட்டதைக் கேட்டபடி தமிழில் எழுதி வைக்கிறார். மின்விளக்குக்கான ஆங்கிலச் சொல்லும் பழக்கூழுக்கான ஆங்கிலச் சொல்லும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே "பல்ப்". ஒரு வருடம் கழித்துப் புதுப் போனில் அதை இடும்போது எது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எந்தக் கைப்புத்தகமும் இதை உனக்குச் சொல்லாது. பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் முதல் நான்கு எழுத்துகளிலேயே மற்றதிலிருந்து வேறுபடும்படி தேர்ந்திருக்கிறார்கள். அதை உனக்குச் சாதகமாக்கிக்கொள்: முதல் நான்கு எழுத்துகளைத் தடித்த ஆங்கிலப் பெரிய எழுத்தில் காட்டு, அவற்றை மட்டும் பார்த்து எழுதினால் போதும் என்று தமிழில் சொல், மீட்கும்போது நான்கு எழுத்து இட்டதும் முழுச் சொல்லும் தானே நிரம்பட்டும்.

எழுதச் சொன்னால் பெரும்பாலோர் எழுத மாட்டார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி எச்சரித்தது. கூகுள் பிளே, ஆப்பிளின் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. போனில் உள்ள படங்களை வாசித்து மீட்புச் சொற்களைத் தேடி எடுத்து அனுப்புவதுதான் அதன் வேலை. ஆண்ட்ராய்டில் சொற்களைக் காட்டும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி தடுக்கலாம், தடுத்துவிடு. ஆனால் வெறுமனே தடுத்தால் அவர் இன்னொரு போனால் படம் பிடிப்பார். ஏன் தடுக்கிறாய் என்று அதே இடத்தில் ஒரு வரி எழுது. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் யார் கேட்டாலும் இந்தச் சொற்களைச் சொல்லக் கூடாது என்பதும் அதே திரையில் வர வேண்டும். நிறையப் பேர் பறிகொடுப்பது அப்படித்தான்.

இந்தச் சொற்களை எப்போது காட்டுவது என்பதில் துறைக்குள்ளேயே சண்டை உண்டு. கணக்குத் திறந்த மறு நொடியே காட்டினால், வாலட்டில் ஒரு பைசாகூட இல்லாதவருக்கு அந்தத் தாளின் மதிப்பு புரியாது; கண்ணை மூடிக்கொண்டு "அடுத்து" அழுத்துவார். "பிறகு நினைவூட்டு" என்று தள்ளிப்போட்டால் அந்தப் பிறகு வராமலே போகலாம். என் கருத்து இது: முதலில் ஒரு சிறு தொகை மட்டும் வாங்க விடு. அது வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கட்டும். அதற்கு மேல் பணம் பெறும் முகவரியைக் காட்டுவதற்கு முன், சொற்களை எழுதிச் சரிபார்க்கும் படியைக் கட்டாயமாக்கு. வளர்ச்சிக் கணக்குப் பார்ப்பவர்கள் நடுவில் விலகுவோர் கூடுவார்கள் என்பார்கள். கூடட்டும். சாவியைப் பத்திரப்படுத்தாமல் முழுச் சேமிப்பையும் போட்டு இழப்பவரை உன் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

முதல் வாரத்தில் பலரைச் சிக்கவைக்கும் இன்னொரு விஷயம் கட்டணம். வளைகுடாவிலிருந்து அண்ணன் யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்பு நாணயத்தை அனுப்புகிறார், தம்பியின் வாலட்டில் அது தெரிகிறது, ஆனால் வேறெங்கும் அனுப்ப முடியவில்லை. எதீரியம் வலையில் கட்டணத்தை அதன் சொந்த நாணயமான ஈதரில்தான் செலுத்த வேண்டும், தம்பியிடம் ஈதர் இல்லை. பணம் வந்து சேரும்போதே இதைச் சொல்லிவிடு. வாங்கும் திரையில் வரியையும் மறைக்காதே: லாபத்துக்கு 30 சதவீதம், 2022 ஜூலை முதல் பரிமாற்றத்தில் 1 சதவீத டிடிஎஸ், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

பன்னிரண்டு சொற்களே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும், வழி பிறந்துகொண்டிருக்கிறது. ஆர்ஜென்ட் வாலட் சில வருடங்களுக்கு முன்பே காவலர் முறையைக் கொண்டுவந்தது. எதீரியத்தைத் தொடங்கிய விட்டாலிக் புட்டெரின் 2021-ல் அதை ஆதரித்து விரிவாக எழுதினார். பயனர் நம்பும் சிலரைக் காவலராக வைப்பார், போன் தொலைந்தால் அவர்களில் பெரும்பான்மையோர் சேர்ந்து புதிய சாவிக்கு ஒப்புதல் தருவார்கள். உன் தெருவில் இதை விளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேரள அரசின் கேஎஸ்எஃப்இ நடத்தும் சிட்டி என்ற சீட்டில் பணம் எடுக்க ஜாமீன் நிற்க ஆள் தேடிய வீடுகள் அங்கே ஏராளம். யாரைக் கேட்பது, யாரைக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்கே தெரியும்.

எந்த முறையை எடுத்தாலும் திரை அழகாக இருந்தால் மட்டும் போதாது. ஆல்மா விட்டனும் ஜே. டி. டைகரும் 1999-ல் ஒரு சோதனை செய்தார்கள். அந்தக் காலத்தில் நல்ல தோற்றமுள்ளது என்று பெயரெடுத்த பிஜிபி 5.0 மென்பொருளைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து, மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பத் தொண்ணூறு நிமிடம் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் மின்னஞ்சல் நன்றாகத் தெரியும். அந்தக் கட்டுரையைத் தேடிப் படி, இன்றைக்கும் பொருந்தும்.

பிறகு உன் திரைகளை செபோலியா சோதனை வலையில் ஏற்று. அங்கே நாணயத்துக்கு மதிப்பில்லை, யாருக்கும் நஷ்டம் வராது. சுள்ளிக்கல்லில் ஆறேழு பேரிடம் கொடு. அதில் இரண்டு பேராவது ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். நீ எதையும் விளக்காதே, விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள். எல்லாம் முடிந்ததும் "போன் தொலைந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேள். கஸ்டமர் கேருக்குக் கூப்பிடுவேன் என்று யாராவது சொன்னால், முதல் திரையை மாற்றி எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா