உப்பு வேறு, கிருமி வேறு: வீடு திரும்பும் குடும்பங்களுக்குக் கிணற்று நீர் பற்றிய பாடம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கரைக்கு வந்த கடல் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையோரம் முழுவதும் கிணறுகளுக்குள்ளும் புகுந்தது. முகாமிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் சொந்த வளவுக்குத் திரும்பும்போது, குடும்பத்தின் முதல் தேவை தண்ணீர்தான். "கிணற்றுக்குக் குளோரின் போட்டாயிற்று, இனிக் குடிக்கலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல இந்தப் பாடம் உதவும்.

கடல் புகுந்த கிணற்றில் இரண்டு கெடுதிகள் உள்ளன. ஒன்று உப்பு. மற்றது கிருமி. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும். நீர் ஆவியாகிக் குறைவதால் மிஞ்சிய நீரில் உப்பு இன்னும் கூடும். ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு வழி வேண்டும்.

உப்பு: இறைத்துத் தீராது

நமது ஊர்கள் மணல் திட்டின் மேல் இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே தோணாவும் களப்பும் வயலும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல நீர் இலேசானது, கடல் நீர் கனமானது என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது சாண் நல்ல நீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே உப்பு நீர் அத்தனை மடங்கு மேலேறப் பார்க்கும்.

சுனாமிக்குப் பின் பல இடங்களில் மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்பக் கிணறு இறைத்தார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த வேலைதான். ஆனால் பல கிணறுகளில் உப்புக் குறையவில்லை, சிலவற்றில் கூடியது. அடியிலிருந்து உப்பு நீர் மேலே இழுபட்டது. மண்ணுக்குள் ஊறியிருந்த கடல் நீரும் கிணற்றுக்கே திரும்பி வந்தது. மணல் இளகிக் கிணற்றுக் கட்டு இடிந்த இடங்களும் உண்டு.

உப்பைக் கழுவுவது மாரி மழைதான். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி உப்பைக் கீழே தள்ளும். ஒரு மாரியில் எல்லாக் கிணறும் தெளியாது. சிலவற்றுக்கு இரண்டாவது மாரியும் வேண்டும். அதுவரை செய்ய வேண்டியவை:

- கிணற்றை வற்ற இறைக்க வேண்டாம். வாளியால் அளவாக அள்ளுங்கள்.
- கூரை நீரும் மழை நீரும் சுத்தமான மணலில் ஊற விடுங்கள்.
- உப்புக் கரிக்கும் நீரைக் குளிக்க, உடுப்புத் துவைக்க, மலசலகூடத்துக்குப் பாவிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் நீரையோ குழாய் நீரையோ எடுங்கள்.
- உப்பு நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். பிரஷர், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் உப்பு நீர் கூடாது.

கிணற்றைத் துப்புரவாக்குதல்

கிணற்றில் விழுந்த குப்பை, சேறு, செத்த பிராணிகள் ஆகியவற்றை ஒரு முறை அகற்ற வேண்டும். மெதுவாக, வாளியால் செய்யுங்கள். உள்ளே இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும்; மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். பெற்றோல் அல்லது டீசல் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட வேண்டாம். அதன் புகை உள்ளே இருப்பவரின் உயிரை எடுக்கும். எண்ணெய் மிதந்தாலோ பூச்சிநாசினி மணம் வந்தாலோ அந்தக் கிணற்றை விட்டுவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். குளோரின் அவற்றை நீக்காது.

புதிதாக மலசலகூடக் குழி வெட்டும்போது கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி வெட்டுங்கள். நமது மணலில் நீர் வேகமாக ஓடும். இன்னும் தூரமாக இருந்தால் மேலும் நல்லது. பக்கத்து வளவுக் கிணற்றையும் பார்த்து இடம் தெரிவு செய்யுங்கள்.

கிணற்றுக்குக் குளோரின் இடுதல்

முதலில் கிணற்றில் எத்தனை லீற்றர் நீர் உள்ளது என்று கணக்கிட வேண்டும். கிணற்றின் அகலத்தையும் நீரின் ஆழத்தையும் மீற்றரில் அளந்து இப்படிப் பெருக்குங்கள்:

அகலம் × அகலம் × நீரின் ஆழம் × 785 = லீற்றர்

உதாரணம்: அகலம் 1 மீற்றர், நீர் 1.25 மீற்றர் என்றால் 1 × 1 × 1.25 × 785 = 981. அதாவது ஏறத்தாழ 1000 லீற்றர்.

1000 லீற்றருக்குத் தேவையான அளவு:

- 70 வீதக் குளோரின் தூள் என்றால் 30 கிராம்
- 30 வீத வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) என்றால் 65 முதல் 70 கிராம்

எத்தனை வீதம் என்பது பொதியில் எழுதியிருக்கும். வாசிக்காமல் போட வேண்டாம்.

1. பிளாஸ்ரிக் வாளியில் 10 லீற்றர் நீர் எடுத்து, அதில் தூளைப் போட்டுக் கலக்குங்கள். தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது.
2. சுண்ணாம்பு அடியில் படிய விடுங்கள். மேலே தெளிந்ததைக் கிணற்றில் ஊற்றுங்கள்.
3. வாளியை இறக்கி ஏற்றி நீரைக் கலக்குங்கள். கட்டின் உட்பக்கத்தையும் அந்த நீரால் கழுவுங்கள்.
4. இரவு முழுவதும் விடுங்கள். அந்த நேரம் யாரும் அள்ளாமல் மூடி வையுங்கள்.
5. மறுநாள் கடும் மணம் போகும்வரை வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, கிணற்றிலிருந்து தள்ளி ஊற்றுங்கள். இங்கும் மோட்டர் வேண்டாம்.

கவனம்: கையுறை போட்டு, முகத்தைத் துணியால் மூடி, காற்றோட்டமான இடத்தில் நின்று வேலை செய்யுங்கள். குளோரின் தூளை மலசலகூடம் கழுவும் அசிற்றோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மண்ணெண்ணெய்க்குப் பக்கத்திலும் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

கிணற்றுக்கு இட்ட குளோரின் நெடுநாள் நிற்காது. ஊற்று நீர் உள்ளே வரும்போது சில நாட்களில் கிருமியும் வரலாம். ஆகவே குடிநீரை வீட்டிலும் சுத்திகரிக்க வேண்டும்.

வீட்டில் குடிநீர்

கலங்கிய நீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. சேறே அதைத் தின்றுவிடும். முதலில் தெளிய வையுங்கள். படிகாரம் சிறிது போட்டுக் கலக்கி விட்டால் சேறு திரண்டு அடியில் படியும். நம் முன்னோர் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளிய வைத்தார்கள். இரண்டும் சேற்றை நீக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த நீரைச் சுத்தமான, மடித்த துணியில் வடித்தபின் பின்வருவனவற்றில் ஒன்றைச் செய்யுங்கள்:

- கொதிக்க வைத்தல்: நன்றாகக் கொதித்து எழும்பிய பின் ஒரு நிமிடம் விடுங்கள். அதே பாத்திரத்தில் மூடி ஆற வையுங்கள்.
- குளோரின் குளிசை: உறையில் எழுதிய லீற்றர் அளவுக்கு ஒன்று போட்டு 30 நிமிடம் பொறுத்துக் குடியுங்கள். குளிசையை விழுங்கக் கூடாது.

குளோரின் மணம் பலருக்குப் பிடிப்பதில்லை. அதற்காகப் பவுசர் நீரை விட்டுக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். இலேசான மணம் இருந்தால் பாதுகாப்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். குடிக்கும் நேரத்தில் ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு மாற்றி ஆற்றினால் மணம் குறையும்.

சுத்திகரித்த நீரை மூடியும் திருகுகுழாயும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். கையோடு கோப்பையை விட்டு அள்ளினால் செய்த வேலை வீண். மலசலகூடம் போய் வந்தபின்னும் சமைக்கும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், சுத்திகரித்த நீரில் ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எப்போது மீண்டும் குடிக்கலாம்?

மாரிக்குப் பின், கொதிக்க வைத்து ஆறிய கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கரிக்காவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ சொல்லிப் பரிசோதியுங்கள். உப்பை மட்டுமல்லாமல் கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் வந்தபின், உங்கள் வளவுக் கிணற்று நீரைப் பழையபடி சமையலுக்கு எடுக்கலாம். குடிக்கும் நீரை அப்போதும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.