மனை வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

சித்தூர், திருப்பதிப் பக்கம் மனை வாங்க எண்ணும் நம் சங்க அன்பர்களுக்கு ஒரு சிறு பாடம். நான் சித்தூரில் வளர்ந்தவன். அங்கே கிணறு வெட்டினால் மேலே செம்மண், அடுத்துக் கைபட்டால் உதிரும் பாறை, அதன்கீழ் கருங்கல். கருங்கல்லில் நீர் வெடிப்புகளில்தான் ஓடும். திருப்பதியருகே சுவர்ணமுகி ஆற்றோரத்தில் மணலிலும் நீர் நிற்கும்.

பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசானவை. தொட்டியிலிருந்து கசிந்தால் மண்ணில் இறங்கி, நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். பெட்ரோலிலுள்ள பென்சீன் நீரில் கரைந்து அதனோடு நகரும். அது புற்றுநோய் உண்டாக்கும். மணலில் அது போகும் திசையை ஓரளவு கணிக்கலாம். பாறையிலோ வெடிப்பு போனதே வழி. அருகிலுள்ள கிணறு தப்பித் தொலைவிலுள்ளது கெடலாம்.

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் எண்ணெய் கலந்து வந்தது. தெளிந்த நீரிலும் பென்சீன் இருக்கலாம். ஆகவே பெட்ரோல் பங்க் பக்கத்து மனையானால், நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.