கட்டை எத்தனை? – மின்கலக் கணக்கும் பந்தய விதியும்

இரண்டு கட்டை டார்ச்சின் பல்பை மூன்று கட்டை டார்ச்சில் போட்டால் என்ன ஆகும்? கண்ணைப் பறிக்கும்படி ஒளிவிட்டு, விரைவில் கருகிப்போகும். ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட். இரண்டைத் தொடராக அடுக்கினால் 3 வோல்ட், மூன்றுக்கு 4.5 வோல்ட். இச்சிறு கூட்டல் கணக்கே பெரிய பந்தயங்களின் விதிக்கும் அடிப்படையாகும்.

ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறு மின்சாரக் கார்களுக்குப் பல நாடுகளில் பந்தயங்கள் நடைபெறுகின்றன. முன்னாளில் இவற்றில் நிக்கல்–காட்மியம் மின்கலங்கள் பயன்பட்டன. கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட். ஆறு கலங்கள் என்பது பரவலாக வழங்கிய அளவு, அதாவது 7.2 வோல்ட்.

ஒருவர் மட்டும் ஏழு கலங்களை வைத்தால்? மின்னழுத்தம் 8.4 வோல்ட் ஆகிவிடும். மோட்டாரின் வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். ஓட்டுபவரின் திறமை பின்னுக்குப் போய், கூடுதல் கட்டை வாங்க வசதியுள்ளவரே வெல்வார். ஆகவேதான் கலங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தனர். கருவி எதுவும் வேண்டாம். எண்ணிப் பார்த்தாலே போதும்.

பின்னர் லித்தியம் பாலிமர் கலங்கள் வந்தன. இவற்றில் ஒன்றுக்கு 3.7 வோல்ட். "ஆறு கலம்" என்ற பழைய விதியை அப்படியே வைத்திருந்தால் 22.2 வோல்ட் ஆகியிருக்கும்! எனவே ஆறு, இரண்டாயிற்று. இரண்டு கலங்களுக்கு 7.4 வோல்ட். எண் மாறியது, நோக்கம் மாறவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண லித்தியம் கலத்தில் 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் செய்தல் ஆகாது. மீறினால் உப்பும், தீப்பற்றவும் கூடும். வீட்டிலுள்ள கைப்பேசியின் பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது; மின்னேற்றம் செய்யாமல் பெற்றோரிடம் உடனே தெரிவியுங்கள்.

நம் மாநிலத்திலும் இக்கணக்குப் போடுவோர் உண்டு. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெற்றுவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, பொறியியல் மாணவ மாணவியர் தாமே கட்டிய கார்களைக் கொண்டுவருகின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யின் ரஃப்தார் குழு 2022இல் தன் முதல் மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டது. இவ்வகை மாணவர் போட்டிகளில் மின்னழுத்த வரம்பு 600 வோல்ட். முழுதாக மின்னேற்றிய கலத்துக்கு 4.2 வோல்ட் எனில், எத்தனை கலங்களைத் தொடராக அடுக்கலாம்? 600 ஐ 4.2 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 142.86. ஆகவே 142 கலங்களே. 143 ஆனால் 600.6 வோல்ட், விதிமீறல்!

விதி எழுதுவதும் அதைத் திருத்துவதும் உத்திரமேரூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கி.பி. 919இல் உறுப்பினருக்கு 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயது வரம்பு, 921இல் 35க்கு மேல் 70க்குள் என மாற்றப்பட்டது. இரண்டையும் எல்லாரும் காணக் கல்லில் வெட்டி வைத்தனர்.

நல்ல விதி யாவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எளிதில் சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். காலம் மாறும்போது நோக்கம் கெடாமல் திருத்தப்பட வேண்டும். இனி டார்ச்சில் கட்டை போடும்போது இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள்.