சமநிலை மட்டும் போதாத இடம்

அன்புள்ள மாணவிக்கு,

பொருள்களின் வலிமையியல் பாடத்தில் வரும் கணக்குகள் கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம் அவற்றிலுள்ள கணிதம் அன்று. தொடக்கநிலைக் கணக்குகளில் பெரும்பாலானவற்றைப் பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் செய்துவிடலாம். கேள்வித்தாளில் ஒரு தண்டும் ஒரு சுமையும் கண்ணில் பட்ட உடனே, எந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணைப் பொருத்துவது என்று தேடத் தொடங்கும் பழக்கமே இடர்ப்பாட்டின் வேர். அந்தத் தேடலுக்கு முன் விடை காணவேண்டிய கேள்விகள் மூன்று: விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றனவா, பொருளின் பகுதிகள் தமக்குள் இடைவெளி விடாமலும் ஒன்றுக்குள் ஒன்று புகாமலும் எவ்வாறு உருமாற முடியும், அந்த உருமாற்றத்தையும் உள்ளிருக்கும் விசையையும் இணைக்கும் விதி அந்தப் பொருளுக்கு என்ன. முதலாவதைச் சமநிலை என்றும், இரண்டாவதை வடிவப் பொருத்தம் என்றும், மூன்றாவதைப் பொருள்விதி என்றும் இக்கடிதம் குறிப்பிடும். இம்மூன்றையும் கலக்காமல் தனித்தனியே எழுதப் பழகியவருக்குச் சூத்திரங்கள் தாமாகவே வந்துசேரும். கலந்து எழுதுபவருக்குச் சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் விடை தவறும்.

முதலில் சொற்கள். ஒரு தண்டை இருபுறமும் இழுக்கும்போது அதன் குறுக்குவெட்டில் பரவி நிற்கும் உள்விசையை அந்த வெட்டின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. நீளத்தில் ஏற்படும் மாற்றத்தைத் தொடக்க நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு; இது நீளத்தை நீளத்தால் வகுத்தது ஆகையால் இதற்கு அலகு இல்லை. மீட்சி எல்லைக்குள் தகைவும் திரிபும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி. அந்த விகிதத்தின் மதிப்பு யங் குணகம். எஃகுக்கு அது ஏறத்தாழ 2,00,000 மெகாபாஸ்கல், அலுமினியத்திற்கு ஏறத்தாழ 70,000 மெகாபாஸ்கல். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன் என்பதை நினைவில் வைத்து, விசையை நியூட்டனிலும் நீளத்தை மில்லிமீட்டரிலும் எழுதிவந்தால் அலகுப் பிழைகளில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது.

உள்விசை என்ற சொல்லைக் கண்மூடிக் கடந்துவிடக் கூடாது. அது வெளியே தெரிவதில்லை. பொருளைக் கற்பனையில் வெட்டி, வெட்டப்பட்ட ஒரு பகுதியை மட்டும் தனியே வரைந்து, நீக்கப்பட்ட பகுதி அதன்மேல் செலுத்திய விசையை வெட்டுமுகத்தில் குறிக்கும்போதுதான் அது கணக்குக்குள் வருகிறது. இவ்வாறு வரையப்படுவதே தனித்த பொருள் விசைப்படம். வெட்டுமுகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தகைவு என்பது என்ன என்ற கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் கோஷி 1822ஆம் ஆண்டில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். அதன் அடிப்படையும் இந்தக் கற்பனை வெட்டுதான். எங்கே வெட்டுவது என்பதைத் தேர்வதில்தான் கணக்குப் போடுபவரின் திறமை வெளிப்படுகிறது, ஏனெனில் எந்த விசையை அறிய வேண்டுமோ அந்த விசை வெட்டுமுகத்தில் வெளிப்படும்படி வெட்ட வேண்டும்.

இந்த ஒரு படத்தை வரையத் தவறினால் என்ன நேரும் என்பதற்குக் கொடிய சான்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரில் உள்ளது. அங்கிருந்த ஹையட் ரீஜென்சி விடுதியின் முகப்புக் கூடத்தில் நான்காம் தள நடைபாலமும் அதற்கு நேர்கீழே இரண்டாம் தள நடைபாலமும் கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. முதல் வடிவமைப்பில் ஒரே நீண்ட தண்டு கூரையிலிருந்து இறங்கி, நான்காம் தள உத்தரத்தை ஊடுருவி, இரண்டாம் தள உத்தரம் வரை சென்றது. ஒவ்வொரு உத்தரமும் தனக்குக் கீழே தண்டில் முடுக்கப்பட்ட ஒரு நட்டின்மேல் அமர்ந்திருந்தது. அவ்வளவு நீளத்திற்குத் தண்டில் மரை வெட்டுவது கட்டுமானத்திற்குத் தொல்லையாக இருந்ததால், தண்டு இரண்டாக்கப்பட்டது: மேல்தண்டு கூரையிலிருந்து நான்காம் தள உத்தரத்தோடு முடிந்தது, கீழ்த்தண்டு அதே உத்தரத்திலிருந்து தொடங்கி இரண்டாம் தளத்தைத் தாங்கியது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டு அமைப்புகளும் ஒன்றே. மேல்தண்டில் உள்ள இழுவிசையும் இரண்டிலும் ஒன்றே, ஏனெனில் இரண்டிலும் அது இரு நடைபாலங்களின் எடையையும் சுமக்கிறது. ஆனால் நான்காம் தள உத்தரத்தை மட்டும் தனியே வெட்டி வரைந்தால் வேறுபாடு உடனே தெரியும். முதல் அமைப்பில் அந்த உத்தரத்தின் நட்டு ஒரு நடைபாலத்தின் பங்கை மட்டும் தாங்கியது, கீழ்ப்பாலத்தின் எடை உத்தரத்தைத் தொடாமல் தண்டின் வழியாகவே மேலே சென்றது. மாற்றிய அமைப்பில் கீழ்ப்பாலம் அந்த உத்தரத்திலேயே தொங்கியதால், அதே நட்டு இரண்டு பாலங்களின் பங்கையும் தாங்க நேர்ந்தது. விசை இரு மடங்காயிற்று. 1981 ஜூலை 17 அன்று மாலை, கூடம் மக்களால் நிறைந்திருந்த வேளையில், நட்டு உத்தரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேற, இரண்டு பாலங்களும் விழுந்தன. 114 பேர் இறந்தனர். முதல் வடிவமைப்பே நகரக் கட்டட விதி கோரிய வலிமையைப் பெற்றிருக்கவில்லை என்பதும் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. ஒரு முதலாண்டு மாணவர் சில நிமிடங்களில் வரையக்கூடிய படம் அது என்பதை எண்ணும்போது, அந்தப் படத்தை மதிப்பெண்ணுக்கான சடங்காகக் கருதுவது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும்.

எனினும் சமநிலை மட்டும் எல்லாக் கணக்குகளையும் தீர்ப்பதில்லை. 1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ, சுவரில் ஒரு முனை பதிந்து மறுமுனையில் சுமை தாங்கும் உத்தரம் எப்போது முறியும் என்று ஆராய்ந்தார். உத்தரம் தன் அடிவிளிம்பைச் சுற்றித் திரும்பும் என்றும், வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவில் இழுவையை எதிர்க்கும் என்றும் கொண்டு திருப்புவிளைவுகளைச் சமன்செய்தார். வலிமை அகலத்திற்கும் உயரத்தின் இருமடிக்கும் ஏற்ப மாறும் என்ற அவர் முடிவு சரியானது; ஆனால் எண்மதிப்பில், இன்றைய மீட்சிக் கோட்பாடு தருவதைப் போல மூன்று மடங்கு வலிமையை அவர் கணக்குத் தந்தது. அவர் சமநிலையில் பிழை செய்யவில்லை. உத்தரம் வளையும்போது மேலிழைகள் நீள்கின்றன, கீழிழைகள் குறுகுகின்றன, இடையே நீளம் மாறாத ஓர் அடுக்கு உள்ளது என்ற வடிவச் செய்தியும், நீட்சிக்கு ஏற்பவே தகைவு மாறும் என்ற பொருள்விதியும் அவரிடம் இல்லை. ஹூக் தம் விதியை விளக்கி வெளியிட்டது 1678இல்தான். மூன்றையும் முறையாகச் சேர்த்து, சமநிலைக்கு மட்டும் அடங்காத அமைப்புகளுக்கும் வழிகாட்டிய பாடநூலை நவியே 1826இல் வெளியிட்டார். மாணவர்கள் ஒரே வாரத்தில் கற்றுமுடிக்கும் ஒரு சூத்திரம் உருவாக ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆயின என்பது அதை அவசரமாக விழுங்கக் கூடாது என்பதற்குப் போதிய காரணம்.

சமநிலைக்கு அடங்காத கணக்கு எப்படியிருக்கும் என்பதை ஓர் எளிய அமைப்பில் காண்பது நல்லது. செங்குத்தாக நிற்கும் 1,500 மில்லிமீட்டர் நீள எஃகுத் தண்டின் மேல்முனையும் கீழ்முனையும் அசையாத இரு தாங்கிகளில் இறுக்கப்பட்டுள்ளன. குறுக்குவெட்டுப் பரப்பு 400 சதுர மில்லிமீட்டர். மேல்முனையிலிருந்து 500 மில்லிமீட்டர் கீழே, 60 கிலோநியூட்டன் சுமை கீழ்நோக்கிச் செலுத்தப்படுகிறது. மேல்தாங்கி எவ்வளவு தாங்கும், கீழ்த்தாங்கி எவ்வளவு தாங்கும்? சமநிலை சொல்வது ஒன்றே: இரண்டின் கூட்டுத்தொகை 60. ஒரு சமன்பாட்டில் இரண்டு அறியாக் கணியங்கள். இங்கேதான் பலர் அதைப் பாதியாகப் பிரித்து 30, 30 என எழுதுகின்றனர். வேறு சிலர் நெம்புகோல் கணக்கை நினைத்துத் தொலைவுகளைக் கொண்டு பகிர்கின்றனர். பின்னவர்களின் விடை சரியாக அமைந்தாலும் காரணம் தவறு, தண்டின் இரு பகுதிகளின் பரப்போ பொருளோ மாறிய உடனே அந்த விடை நொறுங்கிவிடும்.

தேவையான இரண்டாவது சமன்பாடு விசையில் இல்லை, வடிவத்தில் உள்ளது. இரு முனைகளும் அசையாதவை ஆகையால் முழுத் தண்டின் நீளம் மாற முடியாது. சுமை பொருந்திய புள்ளி எவ்வளவு கீழிறங்குகிறதோ அவ்வளவு மேற்பகுதி நீள்கிறது, அதே அளவு கீழ்ப்பகுதி குறுகுகிறது. இனிப் பொருள்விதி: ஒரு பகுதியின் நீளமாற்றம் அதிலுள்ள விசையை அதன் நீளத்தால் பெருக்கி, பரப்பும் யங் குணகமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்ததற்குச் சமம். இரு பகுதிகளுக்கும் பரப்பும் குணகமும் ஒன்றே என்பதால், மேல்விசையை 500ஆல் பெருக்கியதும் கீழ்விசையை 1,000ஆல் பெருக்கியதும் சமமாக வேண்டும். அதாவது மேல்விசை கீழ்விசையைப் போல இரு மடங்கு. மேலே 40 கிலோநியூட்டன், கீழே 20. மேற்பகுதியில் இழுதகைவு 100 மெகாபாஸ்கல், கீழ்ப்பகுதியில் அமுக்கத் தகைவு 50. சுமைப்புள்ளியின் இறக்கத்தை மேற்பகுதியைக் கொண்டு கணக்கிட்டாலும் கீழ்ப்பகுதியைக் கொண்டு கணக்கிட்டாலும் 0.25 மில்லிமீட்டரே வருகிறது; இந்த ஒப்புமையே விடைக்கான சரிபார்ப்பு. குட்டையான பகுதி அதிக விசையை ஏற்றது அது வலிமை மிக்கது என்பதால் அன்று, விறைப்பு மிக்கது என்பதால். வலிமை என்பது எவ்வளவு தாங்கி முறியும் என்பது. விறைப்பு என்பது எவ்வளவு எளிதில் உருமாறாது என்பது. சேர்ந்து சுமக்கும் உறுப்புகளில் சுமை விறைப்பைத் தேடிச் செல்கிறது என்ற உண்மை இப்பாடத்தின் மிக அழகிய உண்மைகளுள் ஒன்று.

அடுத்து வருவது மாணவர்களை மிகுதியும் குழப்பும் நிலை: திரிபே இல்லாததுபோல் தோன்றும் இடத்தில் தகைவு. பற்றவைத்து நீளமாக இணைக்கப்பட்ட இரயில் தண்டவாளத்தின் நடுப்பகுதி, கட்டைகளாலும் சரளைக் கற்களாலும் பிடிக்கப்பட்டிருப்பதால், வெயிலில் நீள முடிவதில்லை. எஃகு ஒரு செல்சியஸ் பாகைக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால், தடையின்றி விட்டிருந்தால் ஏற்பட்டிருக்கும் திரிபு பத்து இலட்சத்தில் 360. அந்த விரிவு முழுவதையும் தாங்கிகள் திருப்பி அமுக்கிவிடுகின்றன என்பதே வடிவப் பொருத்தம். எனவே அமுக்கத் தகைவு 72 மெகாபாஸ்கல். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் பரப்பு ஏறத்தாழ 7,700 சதுர மில்லிமீட்டர் என்பதால், அதில் ஏறத்தாழ 550 கிலோநியூட்டன் அமுக்கவிசை நிற்கிறது. வெளியே அளந்தால் நீளம் மாறவில்லை. உள்ளே 50 டன்னுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடான விசை. கடும் வெயிலில் தண்டவாளம் பக்கவாட்டில் நெளிவதற்கு இதுவே காரணம். அதனால்தான் கோடையின் அமுக்கமும் குளிர்காலத்தின் இழுவையும் தாங்கும் அளவில் அடங்கும்படி, இடைப்பட்ட ஒரு வெப்பநிலையைத் தேர்ந்து தண்டவாளத்தைப் பொருத்துகின்றனர். ஹூக் விதி இங்கே பொய்க்கவில்லை. மொத்தத் திரிபு என்பது வெப்பத்தால் வந்த பகுதியும் தகைவால் வந்த பகுதியும் சேர்ந்தது, இரண்டும் ஒன்றையொன்று அழித்ததால் கூட்டுத்தொகை சுழியாயிற்று, தகைவோ தனக்குரிய பகுதியோடு மட்டும் தொடர்புடையது.

விடை கிடைத்த பின் அதன் பருமனை எடைபோடுவதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: 200 மெகாபாஸ்கல் தகைவில் எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீளும். ஆகவே சாதாரணக் கட்டுமான எஃகுத் தண்டு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் நீண்டதாக விடை வந்தால், அலகு எங்கோ பிசகியிருக்கிறது, அல்லது பொருள் ஹூக் விதியின் எல்லையைக் கடந்துவிட்டது. விசையைப் பரப்பால் வகுக்கும் எளிய கணக்கு சுமை பொருந்தும் இடத்திற்கும் துளைகளுக்கும் அருகில் செல்லாது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இழுக்கப்படும் அகன்ற தகட்டில் உள்ள சிறு வட்டத்துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்கை எட்டும் என்று கிர்ஷ் 1898இலேயே காட்டினார்.

இனி உன் கையால் செய்ய ஒரு கணக்கு. 600 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அலுமினியக் குழலின் வழியே 300 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள எஃகு மரையாணி செலுத்தப்பட்டு, இரு முனைகளிலும் தளர்வின்றி, ஆனால் இறுக்கமும் இன்றி, நட்டு முடுக்கப்பட்டுள்ளது. பிறகு வெப்பநிலை 50 பாகை உயர்கிறது. அலுமினியத்தின் விரிவை ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் 23 எனக் கொள்க. குழலை மட்டும் வெட்டி ஒரு படம், ஆணியை மட்டும் வெட்டி ஒரு படம் வரைந்து, இரண்டின் இறுதி நீளமும் ஒன்றே என்ற வரியைத் தனியே எழுது. ஆணியின் இழுவிசை 13.6 கிலோநியூட்டனை ஒட்டி அமைய வேண்டும். நீளம் கேள்வியில் தரப்படவே இல்லை என்பதைக் கண்டு தயங்காமல், அது எந்த வரியில் இருபுறமும் நீங்கிப்போகிறது என்று பார்.

அன்புடன்.