சாவி யார் கையில்? வீடியோ மீட்டிங் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன்

சிலைக்குக் கல் பார்க்கும் ஸ்தபதி கண்ணை மட்டும் நம்புவதில்லை, தட்டிக் கேட்டுத்தான் முடிவு செய்வார். மணியோசை போல நீண்டு ஒலித்தால் ஆண் கல். தாளத்தின் ஓசை என்றால் பெண் கல். ஓசையே எழாவிட்டால் அது மூலவருக்கு ஆகாது, தளம் போடப் போகும்.

நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் வழியில் ஒரு பட்டறை. அங்கே போன வருடம் ஒரு மாலை இந்தச் சோதனை போன் வழியாக நடந்தது. மலேசியாவில் ஒரு கோயில் கமிட்டியார் ஏழு பேர் திரையில் இருந்தார்கள். ஸ்தபதி சுத்தியலால் கல்லைத் தட்டினார். பட்டறைக்குள் ஓசை நான்கைந்து நொடி நின்று அடங்கியது. அந்தப் பக்கத்தில் கேட்டதோ வெறும் "டொக்". "ஐயா, கல் ஊமையா இருக்கே" என்றார் கமிட்டித் தலைவர். ஸ்தபதியின் முகம் வாடிவிட்டது. கல்லில் குறை எதுவும் இல்லை. பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி அந்த நீண்ட நாதத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிட்டது.

அன்று இன்னும் இரண்டு சங்கடங்கள். விலை பேச ஆரம்பித்த நேரத்தில் இலவசக் கணக்கின் 40 நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது. மறுபடி சேர்ந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் கேமராவை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். கமிட்டியில் யாரோ லிங்க்கைக் கோயிலின் பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். விலை முழுவதையும் அவர் கேட்டாரா என்பது இன்றுவரை தெரியாது.

"தம்பி, இதுல எதுப்பா நல்லது?" என்று ஸ்தபதி என்னைக் கேட்டார். இந்தச் சாலையோரத்துச் சிறு தொழில்களுக்குக் கணினி வேலை செய்து கொடுப்பவன் என்ற முறையில் விடுதிக்காரர்கள், டியூஷன் நடத்துபவர்கள், கைவினை ஏற்றுமதி செய்பவர்கள் என எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஆனால் தேர்வை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்வேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறது, உள்ளே வருகிறவரை யார் அனுமதிக்கிறார், இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். படம் எவ்வளவு தெளிவு, எத்தனை பேர் சேரலாம் என்பதெல்லாம் பிறகு.

வாட்ஸ்அப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். பேச்சு முழுவதும் முனைக்கு முனை பூட்டப்பட்டது, நடுவில் அந்த நிறுவனமே கேட்க முடியாது. 2023 முதல் திரையைப் பகிரவும் முடியும். இரண்டு மூன்று பேர், பழகியவர்கள், பதினைந்து நிமிடப் பேச்சு என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். முன்பின் அறியாத வாடிக்கையாளர்களைக் கூட்டிப் பேசுவதற்கு இது பொருந்தாது. எல்லோருடைய போன் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாசலில் நிறுத்தி வைத்து ஒவ்வொருவராக உள்ளே விடும் ஏற்பாட்டையும் மற்றவற்றைப் போல இதில் நம்ப முடியாது.

அடுத்தது கூகுள் மீட். ஜிமெயில் இருந்தால் போதும். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே திறக்கும். நிறுவ வேண்டியதில்லை என்பதைப் பாதுகாப்புக்கும் ஒரு நன்மையாகவே நான் எண்ணுகிறேன், ஏனென்றால் போலி நிறுவல் கோப்பில் ஏமாறும் வாய்ப்பு குறைவு. இலவசத்தில் 100 பேர் வரை சேரலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம்தான். இலவசத்தில் பதிவு செய்ய முடியாது. பணம் கட்டும் வொர்க்ஸ்பேஸிலும் ஆரம்பத் திட்டமான ஸ்டார்டரில் பதிவு கிடையாது, ஸ்டாண்டர்டு திட்டத்துக்குப் போனால்தான் கிடைக்கும். வாங்கிய பிறகு இதை அறிந்து வருந்தியவர்களை எனக்குத் தெரியும். குழுக் கூட்டங்கள் வழியில் பூட்டப்பட்டே போகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பைப் போல முனைக்கு முனை அல்ல.

ஜூம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் மேல் ஒரு பழி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த பங்கேற்பு, ஊரடங்கு வந்ததும் 2020 ஏப்ரலில் 30 கோடியானது. அவ்வளவு கூட்டத்தை அது எதிர்பார்க்கவில்லை. யார் யாரோ கூட்டத்துக்குள் புகுந்து ஆபாசப் படம் காட்டினார்கள். 2020 ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகம், இது பாதுகாப்பான தளம் அல்ல, அரசு அலுவலர்கள் அலுவல் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. முனைக்கு முனை பூட்டு என்று ஜூம் விளம்பரப்படுத்தியது உண்மையல்ல என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, அதே ஆண்டு நவம்பரில் சமரசத்துக்குக் கொண்டுவந்தது.

அதன் பிறகு ஜூம் திருந்தியது. அதே ஏப்ரலில் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் தாமாகவே இயங்கும்படி மாற்றினார்கள். அக்டோபரில் உண்மையான முனைக்கு முனை பூட்டையும் இலவசப் பயனாளர்களுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தப் பூட்டு தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும். போட்டால் கிளவுட் பதிவு, சாதாரண போனிலிருந்து எண்ணைச் சுற்றிச் சேர்வது போன்ற வசதிகள் போய்விடும். சிற்பம் விற்கும் பேச்சுக்கு அது தேவையில்லை. வழக்கு, மருத்துவம், கூட்டாளிப் பிரிவு போன்ற பேச்சுகளுக்குத் தேவை.

கல்லின் நாதத்தைக் காப்பாற்றியதும் ஜூம்தான். அதன் ஆடியோ அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கென்று "ஒரிஜினல் சவுண்ட்" என்ற ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் இரைச்சல் நீக்கி ஒதுங்கிக்கொள்ளும். மறுநாள் அதை இயக்கிவிட்டு, பக்கத்துப் பட்டறையின் கிரைண்டரை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கல்லைத் தட்டினோம். கமிட்டித் தலைவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு "இன்னொரு தடவை தட்டுங்க ஐயா" என்றார். வீணை, மிருதங்கம், பாட்டு வகுப்பு நடத்துகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூம் இலவசத் திட்டத்தில் 100 பேர், 40 நிமிடம். 2022 ஜூலையிலிருந்து இரண்டு பேர் மட்டும் பேசினாலும் 40 நிமிடம்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வாரம் இரண்டு முறை பேசுகிறவர் ஒரு பணம் கட்டிய கணக்கு வாங்கிவிடுவது மரியாதை. பேரம் பேசும்போது அறுந்துபோகும் இணைப்பு நம் தொழிலைப் பற்றிய எண்ணத்தையே கெடுக்கும்.

ஜோஹோ மீட்டிங் நம் மாவட்டத்துச் சரக்கு. கூடுவாஞ்சேரி அருகே வல்லாஞ்சேரியில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனம் அது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் ஜோஹோ ஆனது. இந்தியக் கணக்குகளின் தரவைச் சென்னையிலும் மும்பையிலும் உள்ள தன் தரவு மையங்களில் வைத்திருக்கிறது. இதுவும் பிரவுசரிலேயே இயங்கும். ஏற்கெனவே ஜோஹோ மெயிலோ புக்ஸோ வைத்திருக்கும் கடைக்கு இதைத்தான் சொல்வேன், ஒரே கணக்கு, ஒரே பில், ஜிஎஸ்டி ரசீது. ஒரு குறை உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் பலர் இதைப் பார்த்ததில்லை. முதல் முறை லிங்க்கை அனுப்பும்போது எங்கே தொட வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

டீம்ஸ் லிங்க்கை, உங்கள் வாடிக்கையாளர் பெரிய நிறுவனமாக இருந்தால், அவர்களே அனுப்புவார்கள், விருந்தாளியாகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஸ்கைப்பை நம்பியிருந்தவர்களுக்கும் இனி அதுதான், ஸ்கைப் 2025 மே 5-ல் மூடப்பட்டது. ஜிட்சி இலவசம், திறந்த மூல மென்பொருள், சொந்த சர்வரிலேயே நிறுவலாம். ஆனால் அந்த சர்வரை மாதாமாதம் புதுப்பிக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் சொந்த சர்வர் ஆபத்து.

ஆக, பட்டறைக்கும் இசை வகுப்புக்கும் ஜூம். விடுதிக்கும் டியூஷனுக்கும் மீட். கணக்கு வழக்கு முழுவதும் ஜோஹோவில் இருந்தால் ஜோஹோ. இது என் தீர்ப்பு.

எதை எடுத்தாலும் அதன் பிறகு செய்ய வேண்டியவை ஒரே மாதிரிதான். இங்கே நிதானமாகப் படியுங்கள்.

இந்தக் கடற்கரையில் ஒரு விடுதியில் வரவேற்பைக் கவனித்த பையன் தன் சொந்த ஜிமெயிலில் மீட்டிங் கணக்கைத் திறந்தான். திருமண முன்பதிவுக்கான பேச்சு எல்லாம் அதில்தான். அவன் வேலையை விட்டுப் போனான். சண்டை எதுவும் இல்லை, நல்ல பையன். ஆனால் காலண்டர், வாடிக்கையாளர் முகவரி, பதிவுகள் எல்லாம் அவனோடு போய்விட்டன. போன் எண்ணும் மாற்றிவிட்டான். மூன்று மாத முன்பதிவுகளை நோட்டைப் பார்த்து மறுபடி எழுதினோம். கணக்கு தொழிலின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மீட்பு எண் உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். நிர்வாகி இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

காத்திருப்பு அறையை எப்போதும் இயக்கி வையுங்கள். மீட்டில் அது வேறு வடிவம். அழைக்கப்படாதவர் கதவைத் தட்டுவார், நீங்கள் அனுமதிக்க வேண்டும். அணுகலை "ஓப்பன்" என்று விட்டால் அந்தக் கதவே இல்லை. ஜூமில் உங்கள் நிரந்தரத் தனி எண்ணை வெளியாருக்குக் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது எண் உருவாக்குங்கள். நிரந்தர எண்ணைக் கொடுப்பது வீட்டுச் சாவியின் நகலைக் கொடுப்பது போல. திரையைப் பகிரும் உரிமை நடத்துபவருக்கு மட்டும் இருக்கட்டும். எல்லோரும் வந்த பிறகு கூட்டத்தைப் பூட்டிவிடலாம்.

இவை சின்ன விஷயங்கள் அல்ல. 2023 டிசம்பர் தொடக்கத்தில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் காணொலி விசாரணைக்குள் விஷமிகள் புகுந்து ஆபாசக் காட்சியைக் காட்டினார்கள். நீதிமன்றம் காணொலி வசதியையும் நேரலையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்து வைத்த நீதிமன்றத்துக்கே இந்த நிலை. நம் கூட்டம் பொதுக்கூட்டம் அல்ல, நாம் கதவைத் திறந்து வைக்க ஒரு காரணமும் இல்லை.

திரைப் பகிர்வு இன்னொரு பெரிய ஓட்டை. "பேமென்ட் வரலியா, ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க சார், நான் சரி பண்றேன்" என்று யாராவது சொன்னால் அந்த நொடியே அழைப்பைத் துண்டியுங்கள். பகிர்ந்த திரையில் வந்து விழும் ஓடிபி அவருக்கும் தெரியும். எந்த வங்கியும் இப்படிக் கேட்பதில்லை. காவல் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுவதும் மோசடிதான், நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது.

முகத்தைப் பார்த்துவிட்டோம் என்பதும் இனி போதாது. 2024 தொடக்கத்தில் வெளிவந்த ஹாங்காங் மோசடியில் அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒரு வீடியோ கூட்டத்தில் சேர்ந்தார். நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் திரையில் இருந்தார்கள். எல்லாமே போலியாக உருவாக்கிய முகங்கள். அவர் அனுப்பிய பணம் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர். அதனால் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மீட்டிங்கில் யார் சொன்னாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய போன் எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே பணத்தை அனுப்புங்கள்.

இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுதியில் விருந்தினருக்கு ஒரு வைஃபை, அலுவலகத்துக்கு வேறு வைஃபை. ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். இன்டர்நெட் வாங்கும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் மேலேற்றும் வேகத்தையும் கேளுங்கள், நம் முகம் அந்தப் பக்கம் போவது அதில்தான். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததை இந்தச் சாலையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இரவுகளில் மின்சாரமோ இணைப்போ போனால் உதவ, ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறிய யுபிஎஸ், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று, இரண்டும் கையில் இருக்கட்டும். இணைப்பு தடுமாறினால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவைப்படாது.

பதிவு செய்வதானால் தொடக்கத்திலேயே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். விருந்தினரின் ஆதார் அட்டை தெரியும் பதிவு ஒன்று வருடக்கணக்கில் கிளவுடில் கிடக்க வேண்டியதில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அதற்கு முன்னால், இன்று கடையை அடைக்கும் நேரத்தில் மீட்டிங் கணக்கைத் திறந்து, மீட்பு எண் என்ற இடத்தில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போனவருடையதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.